குளத்துக்கரை மூணு சுத்து

ஆடி 2, செவ்வாய்

விடியும்போதே காத்து. வாசலில் தென்னை மட்டை ரெண்டு விழுந்து கிடந்தது.

இன்று குளத்துக்கரைக்கு வந்தவர்கள்: பேத்தி நித்யா, மருமகள் சுமதி, நான், நாய்கள் கருப்பன், ஜிம்மி. அப்புறம் செ.

செ. என்பது என் மகன். பேரை முழுசாக எழுத மனசில்லை. கருப்பன், எங்கள் ஷெட்டில் பனியன் துணி நிட்டிங் வேலைக்கு வந்த ஆளைக் கடித்துவிட்டான் என்று, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் சாக்கில் போட்டுக் கட்டித் திருமுருகன்பூண்டிக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வந்தவன். மாசி அமாவாசைக்கு மறுநாள், காலை பத்து மணி. நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். பதினோராம் நாள் கருப்பன் நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். நாய் திரும்பி வந்துவிட்டது. செ.-யோடு என் பேச்சு திரும்பி வரவில்லை. ரெண்டு வருசம் தாண்டிவிட்டது. அவசரம் ஏதாவது என்றால் கருப்பனிடம் சொல்வேன். பக்கத்தில் இருக்கிறவன் கேட்டுக்கொள்வான்.

இந்த டைரி ரெண்டாயிரத்து நாலாம் வருசத்தது, நூல் கடையில் கொடுத்தது. வருசம் போனாலும் தாள் வெள்ளையாக இருக்கிறது. ஓட்டக் கணக்கு எழுத வைத்துக்கொண்டேன்.

நித்யா, சுருக்கமாக நி., மூணு சுத்து ஓட்டம். சுமதி ஒரு சுத்து நடை, சர்க்கரைக்கு. நான் ஒரு சுத்து, ரெண்டு இடத்தில் உட்கார்ந்து. கருப்பன் அரைச் சுத்து. ஜிம்மிக்குக் கணக்கில்லை. சாயத் தண்ணி ஓடையில் இறங்கி நாலு காலும் நீலம். நேற்று மெரூன்.

வருகிற சனிக்கு அடுத்த சனி பள்ளிக்கூடங்களுக்குள் போட்டி. ஆயிரத்து ஐநூறு மீட்டர். முதல் ரெண்டு பேர் கோயமுத்தூர் போகலாம். செ. சொல்லிவிட்டான், ரெண்டுக்குள் வந்தால் ஓடட்டும், வராவிட்டால் ஒன்பதாவதோடு இந்த ஓட்டம் போதும், அடுத்தது பத்தாவது என்று. நி. சரி என்று தலையாட்டிவிட்டாள். ராத்திரி சோறு பாதி வட்டிலில் அப்படியே கிடந்தது.

பள்ளிக்கூட மைதானம் ஒரு களத்து அளவுதான். அதனால் குளத்துக்கரை. ஆனால் கரை ஒரு சுத்து எத்தனை மீட்டர் என்று யாருக்கும் தெரியாது.

ஆடி 3, புதன்

காத்து கொஞ்சம் அடங்கியிருந்தது. காலை ஆறு மணி.

அளந்தாயிற்று. நூலை வைத்து. செ. யோசனை. நூல் எத்தனை நம்பர் என்று தெரிந்தால் எடையை வைத்து நீளம் சொல்லிவிடலாம். நம்பர் ஏற ஏற நூல் மெலிசு; நாப்பதாம் நம்பர் ஒரு கிராமுக்கு அறுபத்தெட்டு மீட்டர். இது தொழில் செய்கிற எல்லாருக்கும் தெரிந்ததுதான். கரை முழுக்க நூலை விட்டுச் சுத்தி வந்து, அறுத்து, திரும்பச் சுருட்டி, துணி எடை பார்க்கிற சின்னத் தராசில் போட்டால் கணக்கு வந்துவிடும்.

வேப்பமரத்தடியில் நூல் நுனியைப் பிடிக்க ஆள் வேண்டும். சுமதி அடுப்படியில். நான் பிடித்தேன். செ. நூல் சுத்திய கோனை எடுத்துக்கொண்டு நடந்தான். ஜிம்மி நடுவில் புகுந்து ஒரு தரம் அறுந்தது. முடிச்சுப் போட்டு, இந்தாடா கருப்பா என்று நீட்டினேன்.

முடிச்சுப் போடும்போதே தெரிந்துவிட்டது. பதினாலு வருசம் மில்லில் எனக்குக் கோன் வைண்டிங், கோனில் நூல் சுத்துகிற வேலை. நாப்பது என்றால் விரலில் நிற்காது, குழந்தை முடி மாதிரி வழுக்கும். இது ஒரு பொடி தடித்தது. முப்பத்துநாலு. கோன் அடியில் மஞ்சள் நிறம் இருந்தது, மஞ்சள் நாப்பதுக்கு உள்ளதுதான். ஆனால் எங்கள் ஊட்டில் மீந்த நூலை எந்தக் காலிக் கோன் கைக்குக் கிடைக்கிறதோ அதில் சுத்தி வைப்போம். மில்லுக்காரன் நிறம் எங்களிடம் வந்தால் செல்லாது.

செ. பத்தடி தள்ளி முதுகைக் காட்டிக்கொண்டு சுருட்டிக்கொண்டிருந்தான். நான் சொன்னேன்.

"ஏன்டா கருப்பா, இது நாப்பது இல்லடா. முப்பத்துநாலு."

கருப்பன் வாலை ஆட்டினான். செ. திரும்பவில்லை. காத்தில் கேட்டதோ இல்லையோ.

தராசில் ஏழு கிராமும் கொஞ்சமும். ஐநூறு மீட்டர் என்றான். மூணு சுத்து போட்டால் சரியாக ஆயிரத்து ஐநூறு. நி. குதித்தாள். சாமியே அளந்து வைத்த மாதிரி இருக்குதுங்க என்று சுமதி கையெடுத்துக் கும்பிட்டாள்.

புள்ளி வைத்த கணக்கெல்லாம் எனக்கு வராது. ஆனால் தடித்த நூல் அதே எடைக்கு நீளம் கம்மியாகத்தான் வரும். அதற்கு நான் படித்த ரெண்டாம் வகுப்பே போதும்.

ஆடி 5, வெள்ளி

காத்து. புழுதி. கண்ணில் மண்.

நி. மூணு சுத்து: 5 நிமிசம் 12 வினாடி. ஆறுக்குள் வந்தாலே வாய்ப்பு இருக்கிறது என்று பி.டி. டீச்சர் சொல்லியிருந்தாராம். நி. போய்ச் சொன்னதற்கு, வாட்சை ஒழுங்காகப் பார்த்தீர்களா என்று சிரித்தாராம். சாயங்காலம் சுமதி ஒப்புட்டு சுட்டாள். என் பங்கை ஜிம்மிக்குப் போட்டேன்.

மத்தியானம் ஷெட்டுக்குள் போய் அந்தக் கோனைத் தேடினேன். இன்னொரு தரம் கையில் பிடித்துப் பார்க்கலாம் என்று. நிட்டிங் ஆள் அதை மிஷினில் ஏற்றி ஓட்டிவிட்டிருந்தான். வெறும் மஞ்சள் குழாய் கிடந்தது.

என் விரலுக்கும் வயசாகிவிட்டது. மில்லை விட்டுப் பதினெட்டு வருசம். தப்பாகவும் இருக்கலாம்.

தப்பாக இருக்காது.

ஆடி 7, ஞாயிறு

கரட்டு முருகன் கோயில். எல்லாரும். ரெண்டு நாயும். புளிச்சோறு, தேங்காய்த் துவையல், தண்ணி ரெண்டு கேன்.

நூத்தியெட்டுப் படிக்கு மேல் கருப்பனுக்குக் கால் ஏறவில்லை. நி. தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அதோடு ஓடினாள். சுமதி மூச்சு வாங்கிப் பாதியில் உட்கார்ந்தாள், நானும். நல்ல சமயம். சுமதியிடம் சொன்னால் அவள் செ.-யிடம் சொல்லிவிடுவாள். வாயைத் திறந்தேன். மேலிருந்து நி. இறங்கி வந்தாள்.

"அப்பாயி, கோயமுத்தூருக்கு நீங்களும் வரோணும். அம்மாவுக்கு பஸ் ஆவாது."

"கருப்பன யாரு பாக்கறது?"

"அவனும் வருவானுங்க. டிக்கெட் எடுத்தர்லாம்."

அந்த மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? நீ ஓடுவது ஆயிரத்து ஐநூறே இல்லை கண்ணு என்று?

திரும்பி வரும்போது வடக்குக் காட்டு மயிலாத்தாள் வேலியோரம் நின்றாள். "ஏனுங்க ராமாத்தாக்கா, பொட்டப் புள்ளைய நாயோட நாயா ஓட உட்டிருக்கறீங்களே" என்றாள். உங்க மருமகன் ஓடுன ஓட்டத்துக்கு இது பக்கத்துலகூட வராதுங்க என்றேன். அவன் பெண்டாட்டியை விட்டு ஓடிப்போய் நாலு வருசம். கார்த்திகையில் போனான். நான் மறக்கவில்லை.

வாயில் வர வேண்டாதது எல்லாம் வருகிறது.

ஆடி 9, செவ்வாய்

நி. 5 நிமிசம் 8 வினாடி. சுமதி ஒரு சுத்து. நான் அரை. முட்டி வலி. ஜிம்மி கால் பச்சை.

நி.-யிடம் இன்னொரு சுத்து சேர்த்து ஓடு கண்ணு என்றேன். எதற்கு என்றாள். சும்மாதான், மூச்சு பழகட்டும் என்றேன். ஓடக் கிளம்பினாள். செ. தடுத்துவிட்டான்.

"வேண்டாங் கண்ணு. நாலு நாள்தான் இருக்குது. கால் கீல் புடிச்சுக்கும்."

அவளைப் பார்த்துத்தான் சொன்னான். அது எனக்கு. அந்த நிமிசம் சொல்லியிருக்கலாம். டேய், அளவு தப்பு என்று நாலு வார்த்தை. அவன் மூஞ்சியைப் பார்த்தேன். பூண்டிக்குப் போன சாக்கு ஞாபகம் வந்தது. உள்ளே கருப்பன் முனகியது கூட. வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

ராத்திரி மூணு தரம் எழுந்து எழுந்து தண்ணி குடித்தேன். காத்து கூரை ஓட்டைப் பிராண்டுகிறது.

ஆடி 12, வெள்ளி

ஆடி வெள்ளி. மாரியம்மனுக்குக் கூழ். நி. ஓட்டம் இல்லை, ஓய்வு. பூசாரியிடம் சொல்லி அவள் பேருக்கு அர்ச்சனை. என் விரல் பொய்யாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். இப்படி ஒரு வேண்டுதல் இதுவரைக்கும் வேண்டியதில்லை.

ஆடி 13, சனி

போட்டி. நாய் ரெண்டையும் கட்டிப்போட்டுவிட்டு நாலு பேரும் டவுன் பஸ். முதலிபாளையம் பிரிவில் கூட்டம் ஏறி நின்றுகொண்டே போனோம்.

மைதானம் பெரிசு. சுண்ணாம்புக் கோடு. மூணே முக்கால் சுத்து ஓட வேண்டும் என்றார் டீச்சர். பதினோரு பிள்ளைகள்.

முதல் சுத்து நி. நாலாவது. ரெண்டாவதில் ரெண்டாவது. மூணாவது முடியும்போது முதல். சுமதி என் கையைப் பிடித்து நசுக்கினாள். பின்னால் வருகிறவளுக்கும் இவளுக்கும் நடுவே ஒரு மாட்டு வண்டி போகலாம். வளைவு வந்தது. அங்கே வைத்து நி. பறந்தாள். குளத்துக்கரையில் கடைசியாக எப்படிப் பறப்பாளோ அப்படியே, இருக்கிறதை எல்லாம் போட்டு. வேப்பமரம் கிட்டே வந்துவிட்டது என்று கால் நினைத்துக்கொண்டது. அங்கே வேப்பமரம் இல்லை. இன்னும் பாதிச் சுத்து இருந்தது.

அப்புறம் அவள் ஓடியதை ஓட்டம் என்று எழுத முடியாது. ஒருத்தி தாண்டினாள். இன்னொருத்தி. இன்னொருத்தி.

நாலாவது.

கோட்டைத் தாண்டிக் குப்புற விழுந்தாள். டீச்சர் வந்து தண்ணி தெளித்து, ஏன் அவ்வளவு சீக்கிரம் வேகம் பிடித்தாய் என்று கேட்டார். ஊட்டில் எத்தனை மீட்டர், எப்படி அளந்தீர்கள் என்று கேட்டார். செ. சொன்னான். சொல்லச் சொல்ல அவன் குரல் இறங்கிக்கொண்டே போனது.

திரும்பும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தது.

ஆடி 14, ஞாயிறு

காத்து இல்லை. இன்றைக்குப் பார்த்து.

செ. கொத்தனாரிடம் டேப் வாங்கிவந்து தனியாகக் கரையை அளந்தான். முப்பது முப்பதாக. நானூற்றி இருபத்தஞ்சுக்கு ஒரு மீட்டர் குறைவு. மூணு சுத்துக்கு இருநூறு மீட்டருக்கு மேல் துண்டு விழுந்திருக்கிறது. நி. பின்னாலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். சமையல்கட்டில் வந்து நின்று கேட்டாள்.

"இத்தன பேர் நூல் தொழில் பண்றோம். ஒருத்தரும் பாக்கலையா அப்பாயி?"

நான் பார்த்தேன் கண்ணு என்றேன்.

எப்போது என்றாள். அளந்த அன்றைக்கே என்றேன். யாரிடம் சொன்னீர்கள் என்றாள். கருப்பனிடம் என்றேன். அவள் அழவில்லை. என்னை ஒரு புது ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டேன். வாசலில் நாயைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"கருப்பா, எனக்குச் சோறு வேண்டாம்னு உன்ற அப்பாயிகிட்டச் சொல்லு."

ஆடி 15, திங்கள்

மழை மாதிரி இருட்டி, தூறாமல் போய்விட்டது. காலையில் மோட்டார் ரூம் படியில் செல்வராசு உட்கார்ந்திருந்தான். போய் எதிரில் நின்றேன். ரெண்டு வருசம் அஞ்சு மாசம். பேர் சொல்லிக் கூப்பிட்டேன். எழுந்து நின்றுவிட்டான்.

நூல் முப்பத்துநாலு என்று எனக்கு அன்றைக்கே தெரியும் என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நீங்க சொன்னது கேட்டுச்சுங்கம்மா. வம்புக்குச் சொல்றீங்கன்னு உட்டுட்டனுங்க. அப்பறமா ஒருக்கா எடை போட்டுப் பாக்கலாம்னு நெனச்சேன். உங்ககிட்ட தோத்துப்போன மாதிரி இருக்குமேன்னு..."

என் வயித்தில் பிறந்தவன்தானே, வேறு எப்படி இருப்பான்.

புள்ளை ஓடட்டும்டா என்றேன். ஓடட்டும், பத்தாவதாவது மண்ணாவது, அடுத்த வருசமும் போகட்டும், காலையிலேயே அவளிடம் சொல்லிவிட்டேன் என்றான். என்ன சொன்னாள் என்று கேட்டேன். ஷூவைக் கழுவிக் காயவைத்துப் பரண்மேல் எடுத்து வைத்துவிட்டாளாம்.

இன்று: நான் ஒரு சுத்து. கருப்பன் அரை. ஜிம்மி வரவில்லை, நி. கட்டிலடியில் படுத்துக்கொண்டது. கூப்பிட்டால் தலையை மட்டும் தூக்கிப் பார்க்கிறது. சுமதிக்குத் தலைவலி.

கோனை மாற்றிச் சுத்தியது யாரோ, போகட்டும். மயிலாத்தாளும் போகட்டும். செல்வராசுவை இன்று காலையோடு விட்டாயிற்று, சாக்கு உள்பட. புள்ளை ஓடுகிற அளவு தப்பு என்று நாயிடம் மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு வந்தவள் ஒருத்தி இருக்கிறாள். அவளை மட்டும் சாகிற வரைக்கும் மன்னிக்க மாட்டேன்.

ராமாத்தாள்.