சொன்னது சொன்னபடி

அன்பு மகனே, பெரியவனே,

எழுத்து கோணலும் மாணலுமாக இருப்பதைப் பார்த்து ஏதோ சின்னப் பிள்ளை கிறுக்கியது என்று நினைத்துவிடாதே. மன்னித்துப் படி. எழுதுவது உன் அப்பாதான். நாற்பது வருஷம் பேருந்துப் பணிமனையில் டயர் கழற்றிய கை இது. பேனாவையும் ஸ்பானரைப் போலத்தான் பிடிக்கிறது. அழுத்தி எழுதியதில் மூன்று தாள் கிழிந்துவிட்டது. ஆனாலும் சந்தோஷத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எழுபத்து மூன்று வயதில் எனக்கு எழுத்து வந்துவிட்டது. பேருந்து எங்கே போகிறது என்று இப்போது யாரையும் கேட்பதில்லை, பலகையைப் படிக்கிறேன். படித்து முடிப்பதற்குள் பேருந்து போய்விடுகிறது, அது வேறு விஷயம்.

எப்படிக் கற்றுக்கொண்டேன் என்று சொன்னால்தான் மற்றதெல்லாம் புரியும். அது நீ கேட்க விரும்பாத பேச்சு. தாளை மடித்து வைத்துவிடாதே, கொஞ்சம் பொறு.

உன் தம்பி என்று நீ அறிந்த பிள்ளை இப்போது உன் தங்கை. உன் அம்மா போன மறு வருஷம் வாசலில் வந்து நின்றாள். பத்தொன்பது வயதில் அவளை வெளியே துரத்தியவனும் நான்தான். "உள்ளே வரலாமாப்பா" என்று கேட்டாள். நான் கதவை விட்டு விலகி நின்றேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான். அது நடந்து ஏழு வருஷம் ஆகிறது. அன்று முதல் என்னோடுதான் இருக்கிறாள்.

அவள் வேலை ஆராய்ச்சி. சிரிக்காதே, நானும் முதலில் சிரித்தேன். திருநங்கைகளும் திருநம்பிகளும் நோய் வந்தால் ஏன் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை, போனால் அங்கே என்ன நடக்கிறது என்று கேட்டு எழுதுகிற வேலை. வெளியாள் வந்து கேட்டால் யாரும் வாய் திறப்பதில்லை. அதனால் அவர்களே கேட்டு, அவர்களே எழுதி, அவர்களே கணக்கும் போடுகிறார்கள். ஐந்து பேர். இருந்த இடத்தைக் காலி செய்யச் சொன்னதும் நம் முன்னறைக்கே மேசையையும் இரண்டு பீரோவையும் எடை பார்க்கும் மிஷினையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். அவர்களில் கணக்குப் போடுகிற பெண்ணைக் 'கணக்கு' என்றே கூப்பிடுவோம். தினமும் மிஷினில் ஏறி நின்றுவிட்டு, "இதைத் தூக்கிக் கடாசுங்கடி, வாயத் தொறந்தா பொய்தான் சொல்லுது" என்பாள்.

எனக்கும் ஒரு வேலை கொடுத்தார்கள். கேள்வித்தாளில் உள்ள ஒவ்வொரு கேள்வியையும் முதலில் என்னிடம் படித்துக் காட்டுவார்கள். எனக்குப் புரியாவிட்டால் அந்தக் கேள்வி செல்லாது. "தங்களது உளநலத்தை எவ்வாறு மதிப்பிடுவீர்கள்" என்று ஒன்று இருந்தது. "என்னம்மா, கலெக்டர் பேசுற மாதிரி இருக்கு" என்றேன். அடித்துவிட்டு, "தூக்கம் வருதா? எதையாவது நெனச்சு முழிச்சுக் கிடக்கிறீங்களா?" என்று எழுதினார்கள். இப்படி அறுபத்து நாலு கேள்வியும் எனக்கு மனப்பாடம் ஆயிற்று. அதை வைத்துத்தான் கணக்கு எனக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தாள். கேள்வி வாயில் இருக்கிறது, தாளில் அதைத் தேடு என்பாள். நான் முதலில் படித்த சொல் 'வலி'.

உன் தங்கைக்கு மட்டும் நான் படிப்பது பிடிக்கவில்லை. "இந்த வயசுல எதுக்குப்பா கண்ணைக் கெடுத்துக்கிறீங்க, நான்தான் இருக்கேனே" என்பாள். பாசம் என்று நினைத்தேன்.

அவர்களுக்கு ஒரு கட்டளை உண்டு. சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும். திட்டினால் திட்டையும் எழுத வேண்டும். எழுதியதை அவரிடமே திரும்பப் படித்துக் காட்டி, "சரியா இருக்கா" என்று கேட்ட பிறகுதான் தாளை மூட வேண்டும். இதில் உன் தங்கை மகா கறார். ஒரு பெண் 'செத்துப் போகலாம்னு இருக்கு' என்று சொன்னதைப் புதிதாக வந்தவள் 'மனவருத்தம் உள்ளது' என்று எழுதிவிட்டாள். இவள் அவளைத் திரும்ப அனுப்பி எழுதி வரச் சொன்னாள். "நீ யாரு அவ வார்த்தையை மாத்த" என்று கேட்டாள்.

முன்னூற்றுப் பன்னிரண்டு பேரைக் கேட்டு முடித்தார்கள். அதில் பதினேழு பேர் இப்போது இல்லை. அறிக்கையைச் சுகாதாரத் துறையில் கொண்டுபோய்க் கொடுத்தபோது அதிகாரி நாலு பக்கம் புரட்டிவிட்டு, "இவங்க சொல்றதெல்லாம் நெஜம்னு எப்படி நம்புறது" என்று கேட்டாராம். அதன் பிறகு பதில் ஒன்றும் வரவில்லை. பீரோவில் தாள்கள் அப்படியே இருக்கின்றன.

இனி எழுதத் தயங்கியதை எழுதுகிறேன். வலி வந்து எத்தனை நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள் என்று எல்லாரையும் கேட்டவள், தன் வலியை ஏழு மாதம் ஒளித்து வைத்திருந்தாள். முன்பு ஒரு தடவை காய்ச்சலோடு போனபோது, ஆண் வார்டா பெண் வார்டா என்று பேசிப் பேசியே ஒரு பகல் முழுக்க நடைபாதையில் தள்ளுவண்டியிலேயே கிடத்தி வைத்திருந்தார்களாம். போகிறவர் வருகிறவர் எல்லாம் போர்வையைத் தூக்கிப் பார்த்தார்களாம். அதற்குப் பிறகு அவள் படியேறவில்லை. நானும் கணக்குமாக வற்புறுத்திக் கூட்டிப்போனபோது புற்று ஈரல் முழுவதும் பரவிவிட்டது என்றார்கள். ஒரு மாதம், மிஞ்சினால் ஒன்றரை என்று டாக்டர் சொல்லிப் பன்னிரண்டு நாள் ஆகிறது. வீட்டில்தான் படுத்திருக்கிறாள். கண் மஞ்சளாகிப் பார்வையும் மங்கிவிட்டது. காலைப் பிடித்துவிடச் சொல்வாள். அந்தக் காலில் பிடிப்பதற்குச் சதை இல்லையடா.

உனக்கு இத்தனை வருஷம் நான் போட்ட கடிதங்களை எழுதியது யார் என்று நினைத்தாய்? அவள்தான். நான் சொல்லச் சொல்ல எழுதுவாள். உன் பதில் வந்தால் அவள்தான் படித்துக் காட்டுவாள். ஒவ்வொரு கடிதத்தின் முடிவிலும், 'தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்' என்று ஒரு வரி வரும். உன் மனசு இளகிவிட்டது என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

போன மாதம் உன் கடிதம் வந்தபோது அவளால் படிக்க முடியவில்லை. "எழுந்ததும் படிக்கிறேன்பா" என்று தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். எனக்கு ஒரு ஆசை. நாமே படித்து அவளை அசத்துவோம் என்று அவள் தூங்கும்போது எடுத்தேன். ஒரு பகல் முழுக்கப் படித்தேன். கடைசி வரியைக் காணவில்லை. தாளைத் திருப்பிப் பார்த்தேன். பிறகு பிஸ்கட் டப்பாவில் இருந்த பழைய கடிதங்களை எடுத்தேன். ஐந்து நாள் ஆயிற்று. ஒன்றிலும் அந்த வரி இல்லை. நாலு வருஷத்துக்கு முந்தின ஒன்றில், 'அவன் பேச்சை எனக்கு எழுத வேண்டாம், செத்தால்கூடத் தெரிவிக்க வேண்டாம்' என்று இருந்தது. அதை அவள் அன்று என் முன்னால் உட்கார்ந்து, குரல் மாறாமல் வேறு மாதிரிப் படித்திருக்கிறாள். அதற்குப் பிறகு அவளைப் பற்றி நான் சொன்னதையும் உனக்கு எழுதாமல் விட்டிருக்கிறாள். இல்லாவிட்டால் உன்னிடமிருந்து கடிதமே வந்திருக்காது என்று எனக்கு இப்போது தெரிகிறது.

கேட்டேன். "ஏம்மா, ஊருக்கெல்லாம் கட்டளை போட்டவ நீ" என்றேன். "உங்களுக்கு ரெண்டு புள்ளைங்களும் இருக்கட்டுமேன்னுதான்பா" என்றாள். பிறகு, "பேட்டி எடுக்கிறவ பொய் எழுதினா வேலையை விட்டு நிறுத்தணும். நிறுத்திடுங்க" என்று சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு இருமலாகப் போயிற்று.

உன் கடைசிக் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். 'எழுதித் தருபவர் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது, நான் நன்றி சொன்னதாகச் சொல்லுங்கள்' என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். நேற்றும் படிக்கச் சொன்னாள்.

மகனே, உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. நான் தொடங்கி வைத்ததைத்தான் நீ தொடர்ந்து செய்தாய். தொலைபேசி எண் தர மாட்டேன், கடிதம் போதும் என்று நீ சொன்னதால் கடிதத்திலேயே கேட்கிறேன். இது உன் கைக்கு வர எட்டு நாள் ஆகும், உன் பதில் வர எட்டு நாள். கிடைத்த அன்றே அவளுக்கு ஒரு வரி எழுது. நீளமாக வேண்டாம். தபால்காரர் மணி அடித்தால், "அண்ணனா பாருங்கப்பா, இருக்கிறபடியே படிங்க" என்கிறாள். அவளைப் போல எனக்கு மாற்றிப் படிக்க வராது. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன் நான், கண் பார்த்ததைத்தான் வாய் சொல்லும். நீ என்ன எழுதுகிறாயோ அதுதான் அவள் காதில் விழும்.

நீயும் உன் வீட்டில் உள்ளவர்களும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும். வலி என்று வந்தால் தள்ளிப் போடாதே, அன்றைக்கே போய்க் காட்டிவிடு. அடுத்த வாரமும் உட்கார்ந்து எழுதுகிறேன். அதில் என்ன எழுதும்படி இருக்குமோ, எனக்குத் தெரியவில்லை.

உங்கள் இருவருக்கும்
அப்பா