கோப்புக்காரம்மா வரும் நாள்

2ஆம் தேதி

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வாலு எழுதுவது. இங்கே மூன்று பேரும் சுகமாக இருக்கிறோம். அங்கே நீயும் மாமாவும் பிள்ளைகளும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஞாயிறுதோறும் போனில் பேசுகிறோமே, பிறகு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசும்போது அம்மா பக்கத்தில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். இது அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுவது. பயப்படாதே, காதல் விவகாரம் இல்லை. அதற்கெல்லாம் எனக்கு ஏது நேரம்?

எனக்குச் சமூகப்பணிப் பட்டப்படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது அக்கா. அஞ்சல்வழியில் முடித்த சான்றிதழ்ப் படிப்பைக் கணக்கில் எடுத்துக்கொண்டு நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்த்துக்கொள்கிறார்களாம். அந்தச் சான்றிதழை வாங்கவே எனக்கு நாலு வருஷம் ஆனது உனக்குத் தெரியும். அண்ணன் குளிக்கப் போனால் ஒரு பக்கம், தூங்கினால் மூன்று பக்கம் என்று படித்த படிப்பு அது.

இனிமேல் என்ன என்பதைப் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி, அலமாரிக் கதவின் உள்ளே, அண்ணன் சட்டைகளுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறேன். சுவரில் ஒட்டினால் அவன் நாலு மூலையையும் பிரித்து எடுத்துவிடுவான். இரண்டு வருஷம் படிப்பு. அதற்குள் எண்ணூறு மணி நேரம் களப்பணி. பிறகு ஒரு தேர்வு, பதிவு, வேலை. எந்த வேலை என்றுகூட எழுதியாயிற்று: பெரிய ஆஸ்பத்திரியில், தலையில் அடிபட்டவர்களின் வார்டில். எல்லாம் முடியும்போது எனக்கு முப்பத்தாறு வயதாகும். முப்பத்தாறு வயதில் புதுப் பை மாட்டிக்கொண்டு முதல் நாள் வேலைக்குப் போகிறவளை நீ கேலி செய்தாலும் பரவாயில்லை.

ஏன் அந்த வார்டு என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அண்ணன் பழுது பார்த்துக்கொண்டிருந்த லிஃப்ட் குழிக்குள்ளேயே விழுந்து தலையில் அடிபட்டு, ஐந்து வாரம் கழித்து, நாளைக்கு வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று ஒரு தாளை நீட்டினார்களே, நீயும் இருந்தாய். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று விரலால் காட்டினார்கள். வீட்டுக்கு வரப்போகிறவன் பழைய அண்ணனாக இருக்க மாட்டான் என்று ஒருத்தர் வாயிலிருந்தும் வரவில்லை. அந்தத் தாளுக்கும் குடும்பத்துக்கும் நடுவில் ஒரு நாற்காலி போட்டு நான் உட்கார வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

சிக்கல் களப்பணியில்தான். வாரத்தில் மூன்று பகல் வெளியே இருக்க வேண்டும். பாடத்தை வீட்டிலிருந்து படிக்கலாம், களப்பணியை வீட்டிலிருந்து பண்ண முடியாதும்மா என்று பொறுப்பாசிரியை சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். அம்மாவால் அண்ணனைத் தனியாகப் பார்த்துக்கொள்ள முடியாது. பகல் பராமரிப்பு மையத்தில் அவனுக்கு இடம் கிடைத்தால்தான் நான் வாசற்படி தாண்டலாம். அந்த இடம் வேண்டுமென்றால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை நம் வீட்டைப் பார்க்க வரும் அரசுச் சமூகப்பணியாளர் உதவி தேவை என்று எழுத வேண்டும். அவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் கோப்புக்காரம்மா. பதினேழாம் தேதி வருகிறார். கல்லூரியில் அடுத்த மாதம் பத்தாம் தேதிவரை எனக்காக இடத்தைப் பிடித்து வைத்திருப்பார்கள்.

கையெழுத்து கோணலாக இருக்கிறதே என்று பார்க்காதே. பாத்ரூம் கதவு இடித்துக் கையில் கொஞ்சம் வீக்கம். பழைய கதவு, தாழ்ப்பாளும் போய்விட்டது. மற்றபடி எல்லாம் நன்றாகவே இருக்கிறது.

உன் அன்புத் தங்கை,
வாலு


12ஆம் தேதி

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். ஞாயிற்றுக்கிழமை நீ பேசியதற்கு நான் வெறும் 'ம்' போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா பக்கத்தில் இருந்தாள், வேறென்ன போடுவது? படிப்பெல்லாம் மெதுவா பாக்கலாம், இப்ப என்ன அவசரம் என்றாய். நீதான் எல்லாரும் சுகம்னு எழுதியிருக்கியே, நீ அங்க இருக்கிறதாலதான் நான் இங்க நிம்மதியா தூங்குறேன் என்றாய். அதைக் கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. உன்மேல் இல்லை. யார்மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

இதற்கிடையில் ஒரு காரியம் செய்தேன். கோப்புக்காரம்மாவின் அலுவலகத்துக்கு எழுதி நம் வீட்டு அறிக்கைகளின் நகலை வாங்கினேன். மொத்தம் ஒன்பது. ஒன்பதிலும் ஒரே வாசகம்: வீடு சுத்தமாக உள்ளது, குடும்பத்தினர் நன்கு சமாளிக்கின்றனர், கூடுதல் உதவி தேவையில்லை. படித்துவிட்டுச் சிரித்தேன் அக்கா. அவர் வருகிற நாளென்றால் இங்கே நடப்பது என்ன? அம்மா புது விரிப்புப் போடுவாள். நான் அண்ணனுக்கு முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிவிடுவேன். அவன் கழற்றிப்போட்ட ஸ்விட்சுகளை நாற்காலி வைத்து மறைப்போம். எங்களுக்கென்ன குறை, ராசா மாதிரி வச்சிருக்கோம் என்பாள் அம்மா. அந்த அரை மணி நேரமும் அண்ணன் ராசா மாதிரியேதான் உட்கார்ந்திருப்பான். நாமே நமக்கு எதிராக ஒன்பது முறை சாட்சி சொல்லியிருக்கிறோம்.

இந்த முறை எதையும் தொடப்போவதில்லை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். நம்ம வீட்டு அலங்கோலத்த அடுத்தவங்க எழுதிட்டுப் போகணுமா என்று இரண்டு நாள் என்னுடன் பேசவில்லை. மூன்றாம் நாள், உன் இஷ்டம் என்றாள். அம்மா அப்படிச் சொன்னால் என்ன பொருள் என்று உனக்குத் தெரியும். ஆனாலும் சொன்னாளே, அதுவே பெரிது.

உன் அன்புத் தங்கை,
வாலு


18ஆம் தேதி

அக்கா,

இந்தக் கடிதத்தைச் சுகம் என்று ஆரம்பிக்கக் கை வரவில்லை. பொறுமையாக முழுவதும் படி.

நேற்று கோப்புக்காரம்மா வந்தார். அம்மா சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். கழற்றிய ஸ்விட்சுகள் சுவரில் கம்பி தெரியத் தொங்கின. அண்ணன் நான்கு நாள் தாடியுடன், ஒரு கால் செருப்புடன், சுவரில் கட்டைவிரலை அழுத்திவிட்டு லிஃப்ட் வருகிறதா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான். தினமும் அப்படித்தான் நிற்கிறான். மேல போயிருக்கு, வந்துடும் என்று நானும் தினமும் சொல்கிறேன். இரண்டு மாடி ஏறி வரும் நம் கட்டடத்தில் லிஃப்டே கிடையாது.

எல்லாம் நான் நினைத்தபடியே இருந்தது. மணி அடித்தது. நான் உள்ளே ஓடிப்போய் முழுக்கைச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

ஏன் மாட்டினேன் என்று கேட்காதே. அம்மாவை ஒரு வாரமாகத் திட்டித் தீர்த்தவள் நான்தான். திரும்பி வரும் வழியில் அண்ணனின் இன்னொரு செருப்பையும் எடுத்துக் காலில் போட்டுவிட்டேன். தொங்கிய ஸ்விட்ச் எதிரே நாற்காலியை நகர்த்தி, உட்காருங்க மேடம் என்று அதிலேயே அவரை உட்காரவைத்தேன். அவர் கோப்பைத் திறந்து, உங்களால சமாளிக்க முடியுதாம்மா என்று கேட்டார். முடியுது மேடம் என்றேன். என் குரல்தான். அம்மாகூட நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவர் எழுதினார், நீட்டினார், நான் கையெழுத்துப் போட்டேன். ஆஸ்பத்திரியில் போட்டது மாதிரியே போட்டேன். இந்தத் தடவை விரலால் காட்டக்கூட ஆள் தேவைப்படவில்லை.

வழியனுப்பப் படி இறங்கினேன். பாதிப் படியில் நின்று, இந்த வெயில்ல முழுக்கை போட்டிருக்கீங்க என்றார். நான் சட்டைக் கையை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டேன். அவர், நான் பாத்தத மட்டும்தான் எழுத முடியும், சந்தேகப்பட்டத எழுத முடியாதும்மா என்றார். அவர் கையில் அன்றைக்கு இன்னும் ஐந்து வீடுகளின் கோப்புகள் இருந்தன. இறங்கிக்கொண்டே, வீட்டோட இருக்கிறவங்க கையெழுத்துப் போட்டா முடிஞ்சது, ஆனா வீட்ல இல்லாத கூடப்பிறந்தவங்க பதினாலு நாளுக்குள்ள எழுதிக் கேட்டா திரும்ப வந்து பாக்கணும்னு விதி இருக்கு என்றார். உங்களுக்கு ஓர் அக்கா இருக்காங்க இல்ல என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

கதவு இடித்தது என்று உனக்கு எழுதினேனே, அது பொய். அன்றைக்கு நான் பாத்ரூமுக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழத்தான் போனேன். இந்த வீட்டில் தாழ்ப்பாள் இருந்த கதவு அது ஒன்றுதான். சத்தம் அண்ணனுக்குக் கேட்டுவிட்டது. உள்ள ஆள் மாட்டிக்கிச்சு, கரண்ட்ட நிறுத்து, கரண்ட்ட நிறுத்து என்று கத்திக்கொண்டே தோளால் இடித்துக் கதவைப் பெயர்த்துவிட்டான். என் கையைப் பிடித்து இழுத்த இழுப்பில் முழங்கையிலிருந்து தோள்வரை கன்றிப்போனது இன்னும் மறையவில்லை. என்னை வெளியே கொண்டுவந்து தரையில் உட்காரவைத்து, ஒண்ணுமில்ல, வெளிய வந்தாச்சு, பயப்படாதீங்க என்று தலையைத் தடவிக் கொடுத்தான். நான் அவன் தங்கை என்று அப்போது அவனுக்குத் தெரியவில்லை. அவனுடைய வேலை மட்டும் ஞாபகம் இருந்தது.

அதனால் அவனை முரடன் என்று எழுதிவிடாதே அக்கா, உன் காலில் விழுந்து கேட்கிறேன். அப்படி எழுதினால் மையத்தில் சேர்க்க மாட்டார்கள், வேறு எங்காவது அடைத்துவிடுவார்கள். நடந்ததை நடந்தபடி எழுது. என் தங்கையால் முடியவில்லை என்று எழுது. அதை எழுத உனக்குக் கஷ்டமாக இருக்கும், எனக்குத் தெரியும். அப்படி எழுதினால் நீ அங்கே நிம்மதியாகத் தூங்கியது தப்பு என்று ஆகிவிடுமோ என்று தோன்றும். ஆகாது. நான்தான் உன்னைத் தூங்கவைத்தேன். ஐந்து வருஷமாக ஞாயிறுக்கு ஞாயிறு போனிலும், இப்போது கடிதத்திலும் புது விரிப்புப் போட்டது நான்தான்.

அலுவலக முகவரியைத் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வர ஆறு நாள் ஆகும், உன் கடிதம் அங்கே போய்ச் சேர ஆறு நாள். வந்த அன்றைக்கே எழுதிப் போட்டால்தான் உண்டு. அவர்கள் திரும்ப வரும் நாளில் நான் அரைக்கைச் சட்டையுடன் வாசலில் நிற்பேன். நின்றுவிடுவேன் என்று சத்தியம் செய்ய எனக்கு என்மேல் நம்பிக்கை இல்லை. அதனால்தான் நீ முதலில் எழுத வேண்டும்.

நீயும் மாமாவும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். அண்ணன் அவனுக்குத் தெரிந்த வழியில் கதவை உடைத்து என்னை வெளியே எடுத்துப் பார்த்துவிட்டான். நீ எதையும் உடைக்க வேண்டாம் அக்கா. ஒரு கடிதம் எழுது, போதும்.

உன்,
வாலு