எதிர்வீட்டில் ஓடிய படம்

சனிக்கிழமை, அமெரிக்காவின் ஆலன் நகரம்.

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக மகள் நித்யாவின் அறைக் கதவைத் தட்டி, "அந்தப் பழைய ஹாலிவுட் படத்தைச் சேர்ந்து பாக்கலாமாடி?" என்றேன். நான் கல்லூரியில் பாடமாகப் படித்த சிறுகதையிலிருந்து எடுத்த படம். "நாட் டுடே, அம்மா" என்றாள்.

மாலையில் எதிர்வீட்டு மாலதியிடம் போயிருந்த அவளைக் கூப்பிடப் போனேன். அங்கே அதே படம் ஓடிக்கொண்டிருந்தது. ஊரிலிருந்து புதிதாக வந்த மாலதிக்கு ஆங்கிலம் இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. என்னிடம் ஆங்கிலத்திலேயே பதில் சொல்கிற என் மகள், "ஆன்ட்டி, அவ பொய் சொல்றா, பாவம்" என்று ஒவ்வொரு காட்சியையும் தமிழில் விளக்கிக்கொண்டிருந்தாள்.

"உங்க பொண்ணு என்னமா கதை சொல்றா அக்கா!" என்றாள் மாலதி. சிரித்துவைத்தேன்.

அடுத்த சனிக்கிழமையும் அங்கே படம் உண்டாம்; நானும் போய் உட்காரப் போகிறேன். எனக்கும் படம் புரியவில்லை என்று சொல்லப் போகிறேன்.