தௌனோவின் தொப்பியும் உன் அப்பாவின் கண்ணும்

ரௌத்தலக்தி,
மார்ச் 28

அன்பு மகள் விர்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் நலம், பூனை மிர்ரி நலம், கூரை பனியின் கனத்தில் இன்னும் இறங்கிவிடவில்லை, அப்பாவும் நலம்தான், ஆனால் அந்த ஒரு நலத்தை மட்டும் சொல்லி முடிக்க நாலைந்து தாள் ஆகும், அதனால் காபி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து படி. பூமிக்கு அடிப்பக்கத்தில் இருக்கிற அந்தத் தலைகீழ் ஊரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொண்டு இருப்பாய் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன், இல்லையென்றால் சொல்லாதே, இவ்வளவு தூரத்திலிருந்து நான் சூப்பு வைத்து அனுப்ப முடியாது. கிணற்று மோட்டார் ஜனவரியில் உறைந்து போனது, சரிசெய்தாயிற்று. என் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கிவிட்டார்கள். நூலகம் இனிமேல் வாரத்துக்கு இரண்டு நாள்தானாம். சவுனாக் குளியலறை அடுப்புக்குப் புதுக் கல் அடுக்கினோம், இப்போது நீராவிச் சூடு நன்றாக நிற்கிறது.

இனி அப்பா கதை. போன ஜூனிலிருந்தே அவருடைய மீன்பிடி சரியில்லை. ஓடை வந்து ஏரியில் சேரும் இடத்தில் மார்பு வரை ஏறும் அந்த ரப்பர் உடுப்பை மாட்டிக்கொண்டு கோடை முழுவதும் கொக்கு மாதிரி நிற்பாரே, நூலை முன்னும் பின்னும் வீசி, ரோமமும் இறகும் சுற்றிய பொய் ஈயைத் தண்ணீரில் இறக்கி, நிஜ ஈ என்று ட்ரவுட் மீனை நம்பவைப்பாரே, போன கோடையில் ஒரு ட்ரவுட்டும் நம்பவில்லை. வெறும் கூடையோடு வந்து, ஏரி கெட்டுப்போச்சு, மீனுக்கெல்லாம் புத்தி மழுங்கிப்போச்சு என்று சொல்லிவிட்டுப் படுத்துவிடுவார். ஆகஸ்டில் ஒருநாள் தன் காதிலேயே தூண்டில் முள்ளை மாட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். “காத்து தூக்கிட்டு வந்து போட்டுடுச்சு” என்றார். அன்றைக்கு நம் சவுனாப் புகை கம்பம் நட்ட மாதிரி நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. நான் இடுக்கியால் முள்ளை எடுத்துவிட்டேன், அதற்கு மேல் கேட்கவில்லை, அடுப்பில் ஜாம் இருந்தது. கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

பிறகு ஏரி உறைந்தது, என் காலம் வந்தது. பனிக்கட்டியில் துளை போட்டுப் பெர்ச் மீன் பிடிக்கிற எங்களைப் பற்றி அப்பாவின் அபிப்பிராயம் உனக்குத் தெரியாததா. “ஓட்டையைப் போட்டு, பக்கத்துல வாளியைக் கவுத்து உக்காந்திருக்கிறதுக்குப் பேரு மீன்பிடியா? பல் டாக்டர்கிட்ட காத்துக்கிட்டு உக்காந்திருக்கிறதும் இதுவும் ஒண்ணுதான்” என்று கல்யாணமான முதல் குளிர்காலத்தில் சொன்னார், நாற்பத்திரண்டு வருடமாக ஒரு வார்த்தை மாற்றாமல் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் பிடித்துவரும் பெர்ச்சை மட்டும் வெண்ணெயில் வறுத்தால் ஆறு ஏழு தின்பார். நாங்கள் ஏரிமேல் இருக்கும் நேரத்தில் அவர் சமையலறை மேஜையில் விளக்கைப் போட்டுக்கொண்டு அடுத்த கோடைக்கான பொய் ஈக்களைக் கட்டிக்கொண்டிருப்பார். முன்பெல்லாம் அவர் கட்டும் ஈயைக் கொசு என்று நினைத்து நானே அடித்திருக்கிறேன். இந்தக் குளிரில் கட்டியவை ஒவ்வொன்றும் வண்டு அளவு, சில சுண்டெலி அளவு. என்னங்க இது என்று கேட்டதற்கு, இது புது மாதிரி, உனக்குப் புரியாது என்றார்.

ஜனவரி நடுவில் ஒரு சனிக்கிழமை, என்னோடு ஏரிக்கு வரும் நம் தௌனோ வழக்கம்போலச் சவுனாவுக்கு வந்திருந்தார். மனைவி செந்யா போய்ச் சேர்ந்த இந்த மூன்று வருடமாக அவருக்குச் சனிக்கிழமை என்றால் நம் வீடுதான். பனியில் நனைந்திருந்த அவருடைய நரித்தோல் தொப்பியை அடுப்புப் பக்கத்து நாற்காலியில் காயவைத்தேன். அறுபதாவது பிறந்தநாளுக்குச் செந்யா வாங்கிக் கொடுத்தாளே, அந்தச் செம்பழுப்புத் தொப்பி. அவர் சவுனாச் சூட்டிலேயே துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு, தொப்பியை மறந்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அன்று காலையில் அப்பா என்னிடம், கொட்டகையில் தொங்கும் பழைய நரித்தோலை எடுத்துவா, ஈ கட்ட ரோமம் வேண்டும் என்று கேட்டிருந்தார். நீங்களே போய் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். மறுநாள் அவர் எழுந்து வந்து பார்த்தால் நாற்காலியில் நரி ரோமம் இருக்கிறது. நான் கொண்டுவந்து வைத்ததாக நினைத்துக்கொண்டார். நாற்பத்திரண்டு வருடத்தில் அவர் கேட்டதை நான் என்றைக்கு உடனே கொண்டுவந்து கொடுத்தேன், அதிலேயே அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா. கத்தரியை எடுத்து, பின்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒட்ட வெட்டி எடுத்துவிட்டார். மத்தியானம் நான் கவனிக்காமல் தொப்பியைப் பையில் போட்டுத் தௌனோவிடம் கொடுத்தேன். அவரும் அதைத் தலையில் மாட்டிக்கொண்டார். தன் தொப்பியின் பின்பக்கத்தை யார் பார்க்கிறார்கள்.

அதற்கு அடுத்த வாரத்திலிருந்து தௌனோவுக்குப் பின்மண்டையில் ஓர் இடத்தில் மட்டும் குளிர ஆரம்பித்தது. ஏரிமேல் நாங்கள் எதிரெதிரே உட்காருவோம், அதனால் நானும் பார்க்கவில்லை. “ஐலா, இங்க பாரு, சரியா இந்த எடத்துல யாரோ விரல வெச்ச மாதிரி இருக்கு. எங்க பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வர்றதுக்கு முன்னாடி இப்படித்தான் இருந்துச்சாம்” என்பார். நான் வெந்நீர்ப் புட்டியிலிருந்து காபி ஊற்றிக் கொடுப்பேன். மனுஷன் பயந்து உயில்கூட எழுதிவைத்துவிட்டார், பனியில் துளை போடும் அவருடைய திருகுக் கருவியை எனக்கு எழுதியிருக்கிறாராம், அது நல்ல திருகு. பிப்ரவரியில் சுகாதார நிலையத்துக்குப் போனார். அங்கே இருந்த நர்ஸ் ரத்த அழுத்தம் பார்த்தாள், கழுத்தைத் திருப்பச் சொன்னாள், விரலால் மூக்கைத் தொடச் சொன்னாள், எல்லாம் சரியாக இருந்தது. கிளம்பும்போது தொப்பியை எடுத்துக் கொடுக்கப் போனவள் அதன் பின்பக்கத்தை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தாளாம். பிறகு, உங்களுக்கு ஒன்றுமில்லை, உங்கள் தொப்பிக்குத்தான் வழுக்கை என்றாளாம்.

நேராக நம் வீட்டுக்கு வந்தார். சிரித்துக்கொண்டு வரவில்லை. தொப்பியை மேஜைமேல் வைத்து, “உங்க பூனைதான். வேற எங்கயும் இதை நான் கழட்டி வெக்கல” என்றார். செந்யா கொடுத்ததில் இது ஒன்றைத்தான் அவர் தினமும் போட்டுக்கொள்கிறார். அப்பா உடனே மிர்ரிக்குப் பரிந்துகொண்டு, “எங்க மிர்ரி அப்படிப்பட்டவ இல்ல, நாலு வருஷமா ஒரு எலியக்கூடத் தொட்டதில்ல” என்று பெரிதாக வாதாடினார். தௌனோ காபிகூடக் குடிக்காமல் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். அந்தச் சனிக்கிழமை சவுனாவுக்கு வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. ஏரியில் துளையை எனக்கு நூறடி தள்ளிப் போட்டுக்கொண்டார். நான் மூன்று பேருக்குச் சுட்ட ரொட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், விர்பி, எனக்கு அழுகை வந்தது.

அப்புறம் ஒருநாள் மேஜையைத் துடைக்கும்போது அப்பாவின் ஈக்களைக் கையில் எடுத்துப் பார்த்தேன். செம்பழுப்பு, நுனியில் மட்டும் வெள்ளை. கொட்டகைக்குப் போய்ப் பார்த்தால் பழைய நரித்தோல் தூசி படிந்து ஆணியிலேயே தொங்குகிறது, அதன் நிறம் சாம்பல். தோலையும் ஒரு ஈயையும் கொண்டுவந்து அப்பா முன்னால் வைத்தேன், “என்னங்க, இது ரெண்டும் ஒரே மிருகமா, சொல்லுங்க” என்றேன். அவர் எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார், மூக்கில் இடிக்கிற அளவுக்கு. ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்தார். அப்புறம் முகம் வெளுத்துப்போய் உட்கார்ந்துவிட்டார். அவர் பொய் சொல்லவில்லை, விர்பி. அவருக்குத் தெரியவே தெரியாது. சுவர்க் காலண்டரைக் காட்டி இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டேன். “அங்க காலண்டரா இருக்கு?” என்றார்.

ஒரு வருடமாகவே எல்லாம் பால் கலந்த மாதிரி தெரிகிறதாம். போட்ட ஈ எங்கே விழுகிறது என்று தெரியாமல்தான் கோடை முழுவதும் நின்றிருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்றதற்கு, டாக்டரிடம் போனால் கார் ஓட்டக்கூடாது என்பார்கள், கண்ணில் கத்தி வைக்க வேண்டும் என்பார்கள், “கண்ணு தொறந்திருக்கும்போதே கத்திய கொண்டுவருவாங்களாம், நான் பாத்துக்கிட்டே இருக்கணுமாம்” என்றார். உங்களுக்குத்தான் ஒன்றும் தெரியவில்லையே, எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்று வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். தௌனோவிடம் போய்ச் சொல்லுங்கள் என்றேன். சொல்கிறேன் என்றார். பத்து நாள் ஆயிற்று, சொல்லவில்லை. அவமானம். பூனைக்கு மட்டும் தினமும் கிரீம் ஊற்றிக்கொண்டிருந்தார்.

மார்ச் முதல் ஞாயிறு வழக்கம்போல ஏரியில் போட்டி. அறுபது எழுபது பேர் இருந்தோம். பத்தரை மணி இருக்கும், கரையிலிருந்து ஒருவர் கைத்தடியால் பனியைத் தட்டித் தட்டி நடந்து வருகிறார். அப்பா. அவர் பனிக்காலத்தில் ஏரிமேல் கால் வைத்து யாரும் பார்த்ததில்லை. ஒவ்வொருவராகத் தூண்டிலை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள், யாரோ செத்துப்போன செய்தி கொண்டுவருகிறார் என்றே நினைத்தார்களாம். எனக்கு அந்த நேரத்தில் மீன் கடித்திருக்கிறது, நான் பார்க்கவில்லை, தூண்டிலே துளைக்குள் போய்விட்டது, நல்லவேளை இன்னொன்று இருந்தது, அதை விடு. அப்பா முதலில் வேறு யாரோ ஒருவரிடம் போய், “தௌனோ” என்று ஆரம்பித்தார், அந்த ஆள், நான் தௌனோ இல்லை, அவர் அங்கே இருக்கிறார் என்று கையைப் பிடித்துத் திருப்பிவிட்டார். தௌனோ முன்னால் போய் நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி, “பூனை இல்லப்பா, நான்தான் வெட்டினேன். தொப்பின்னு எனக்குத் தெரியல. எனக்குக் கண்ணு தெரியல” என்றார்.

தௌனோ தூண்டிலை மேலே இழுத்துப் பனிமேல் வைத்தார். பிறகு, “எவ்வளவு நாளா?” என்றார். ஒரு வருஷம் என்றார் அப்பா. “அப்ப நம்ம ரெண்டு பேரும் அக்டோபர்ல உன் கார்ல டவுனுக்குப் போனோமே?” “ஆமா.” “யாரு ஓட்டினது?” “நான்தான்.” தௌனோ எழுந்து நின்றார். அடிக்கப் போகிறார் என்று நினைத்து நான் பாதி தூரம் ஓடிவிட்டேன். அவர் தொப்பியைக் கழற்றி, அப்பாவின் தலையில் மாட்டி, காதுவரை இழுத்துவிட்டு, “கண்ணாஸ்பத்திரிக்குப் போன் பண்ற வரைக்கும் இதை நீதான் போட்டுக்கணும். கடைக்கும் சர்ச்சுக்கும் இதோடதான் போகணும். யாராவது கேட்டா ஏன்னு நீயே சொல்லணும்” என்றார். அப்புறம் தன் வாளியில் அப்பாவை உட்காரவைத்து, அந்தக் குட்டித் தூண்டிலைக் கையில் கொடுத்து, “இதுக்குக் கண்ணு வேணாம்டா ரெய்னோ. விரல்ல கேளு” என்றார்.

கால் மணி நேரத்தில் ஒரு பெர்ச் மாட்டியது. அரை மணியில் இன்னும் மூன்று. ஒரு மணி நேரத்தில் உன் அப்பா சுற்றி இருக்கிறவர்களுக்கெல்லாம் துளை எவ்வளவு தள்ளிப் போட வேண்டும், புழுவை எப்படிக் கோக்க வேண்டும் என்று பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டார். நாற்பது வருடமாகப் பிடிக்கிற என்னையே, கையை இப்படி ஆட்டக்கூடாது ஐலா என்றார். எடை போட்டபோது நான் பதினேழாவது, அவர் பதினொன்றாவது. அதுவும் பேர் பதியாமல் வந்தவர் என்று கணக்கில் சேர்க்கவில்லை, அந்த ஒன்றுதான் எனக்கு ஆறுதல். செய்த தவற்றுக்கு ஈடாகத் தௌனோவுக்குக் கோடையில் ஈத்தூண்டில் வீசக் கற்றுத்தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஒரே குற்றத்துக்கு எனக்கு ரெண்டு தண்டனையா என்று தௌனோ கேட்டார்.

அந்தத் தொப்பியை அப்பா ஒன்பது நாள் போட்டுக்கொண்டு திரிந்தார். பத்தாம் நாள் ரொட்டிக் கடையில் ஒரு பெண் தொப்பியின் மொட்டை இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டாளாம், வந்ததும் தானே போன் செய்தார். கண்புரைதான். வலது கண்ணுக்குப் போன செவ்வாய் முடிந்துவிட்டது, கால் மணி நேரம்கூட ஆகவில்லை, கத்தியைப் பார்க்கவே இல்லையாம், ஏதோ வெளிச்சம்தான் தெரிந்ததாம். இடது கண்ணுக்கு மே மாதம். தௌனோதான் தன் வண்டியில் கூட்டிக்கொண்டு போய்க் கொண்டுவந்து விட்டார், சனிக்கிழமையும் வந்துவிட்டார். கண் கட்டைப் பிரித்த மறுநாள் காலை முதல் எனக்கு நிம்மதி இல்லை. விளக்குக் கூண்டுக்குள் செத்த ஈ இருக்கிறதாம், ஜன்னலைத் துடைத்து எவ்வளவு நாள் ஆயிற்று என்கிறார், தான் கட்டிய சுண்டெலிகளைப் பார்த்துவிட்டு இதை யார் கட்டியது என்று என்னைக் கேட்கிறார். காபி குடிக்கும்போது என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன பார்வை என்று எரிந்து விழுந்தேன். “ஒண்ணுமில்ல, பாத்து ரொம்ப நாளாச்சு” என்றார். நான் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினேன், கழுவிய பாத்திரத்தையே திரும்பவும் கழுவினேன்.

உனக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த ஒரு வருடமாக நீ அனுப்பிய படங்களை எல்லாம், அழகா இருக்கு, அழகா இருக்கு என்று சொன்னாரே, ஒன்றையும் அவர் பார்க்கவில்லை, மனம் நோகாதே. இப்போது நேற்றிலிருந்து பூதக்கண்ணாடியும் கையுமாக ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். உடம்பைப் பார்த்துக்கொள், காதை மூடிக்கொண்டு வெளியே போ, ஒரு குறையும் இல்லாமல் உன் மனம் போல எல்லாம் நடக்கட்டும், நாங்கள் இருவரும் எப்போதும் உன்னை நினைத்துக்கொண்டுதான் இருக்கிறோம். பதில் எழுத மறக்காதே, இந்தத் தடவை என் பெயருக்கு வேண்டாம், அப்பா பெயருக்கே எழுது. ஏழு படத்தில் உன் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கிற தாடிக்காரன் யார் என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்லியிருக்கிறேன்.

என்றும் அன்புடன்,
உன் அம்மா
ஐலா