விதை அலமாரி காலியான சேதி

பிப்ரவரி 18

என் அன்பிற்குரிய சுபைர் அவர்களுக்கு,

பாயிஸா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் மாமியும் நலம். தம்மாமில் குளிர் குறைந்ததா, உங்கள் முதுகு வலி எப்படி இருக்கிறது என்று மாமி தினமும் கேட்கிறார். ஜாபர் அண்ணன் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை அங்கே புறப்படுகிறார். மாமி ஊறுகாய் கொடுத்தனுப்புகிறார், நான் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் சாப்பிட்டியா, தூங்கினியா என்று கேட்பதற்குள் உங்களுக்கு வேலைக்கு வண்டி வந்துவிடுகிறது. இதை அப்படிப் பாதி பாதியாகச் சொல்ல என்னால் முடியாது.

நான் வேலை பார்க்கும் நம்ம ஊர் நூலகத்தில் விதை அலமாரி இனி இல்லை. என் கையாலேயே காலி செய்ய வைத்தார்கள்.

அதன் கதை உங்களுக்குப் பாதிதான் தெரியும். கிழிந்த புத்தகம் போட்டு வைத்த பழைய அலமாரியைத் துடைத்து, கத்திரி, வெண்டை, அவரை, மொச்சை என்று விதைகளைச் சாம்பல் புரட்டிப் பாட்டில் பாட்டிலாக வைத்தேன். ஒரு பிடி எடுத்துப் போனால் அறுவடைக்குப் பிறகு இரண்டு பிடி கொண்டுவர வேண்டும். நூலகத்தின் பின்னால் கிடந்த முள் புதரை நானும் தெருப் பெண்களும் வெட்டித் தோட்டம் போட்டோம். இரண்டு வருஷமாக நன்றாகத்தான் போனது. எடுத்தவர்கள் எல்லாரும் திருப்பித் தந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். கொளஞ்சியப்பன் கத்திரி விதையை அள்ளிக்கொண்டு போய் நாற்று விட்டு விற்றார். கேட்டால் மறந்துவிட்டது என்றார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன்.

பொங்கலுக்கு முன்னால், குரூப் 4 பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் மேலிடத்துக்குப் புகார் எழுதிப் போட்டார்கள். தோட்டத்தால் கொசு ஜாஸ்தி, விதை வாங்க வருகிறவர்கள் சத்தம் போடுகிறார்கள், உட்கார இடம் இல்லை என்று. நூலகத் துறை அதிகாரி வந்தார். பாட்டில்களைப் பார்த்து, "இது நூலகமா, இல்ல உரக்கடையா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். பயிர் சம்பந்தமான புத்தகங்கள் முன்பு தூசி படிந்து கிடந்ததையும், இப்போது கை மாறிக்கொண்டே இருப்பதையும் சொன்னேன். காதில் வாங்கவில்லை. கணக்கில் வராத பொருள் எதுவும் உள்ளே இருக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

பாட்டில்களைச் சாக்கில் கட்டி ஆட்டோவில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தோட்டமாவது மிஞ்சும் என்று நினைத்தேன். மறு வாரமே சுற்றுச்சுவர் கட்ட ஜேசிபி வந்தது. அவரைக் காய் கொடியிலேயே நெற்றாகிக்கொண்டிருந்தது. காய்ந்து விழும்வரை பொறுங்கள், பிறகு எங்கே வேண்டுமானாலும் தோண்டுங்கள் என்று காண்ட்ராக்டரிடம் கெஞ்சினேன். வண்டிக்கு மணிக்கணக்கில் வாடகை, நிறுத்த முடியாது என்றார். பச்சைக் காய்களை முந்தானையில் பறித்துக்கொண்டு நின்றேன். முற்றாத விதை முளைக்காது என்று தெரிந்தும் பறித்தேன். சேர்ந்து நட்ட பெண்களில் ஒருத்தியும் வந்து பக்கத்தில் நிற்கவில்லை.

கோபத்தை யாரிடமாவது காட்ட வேண்டும்போல் இருந்தது. புகாரில் முதல் கையெழுத்துப் போட்ட அறிவுச்செல்வனைப் பிடித்துக் கேட்டேன். நம்ம தெரு ரைஸ்மில்காரர் மகன்தான். அவன் தலையைக் குனிந்துகொண்டே, "எங்களுக்கு வெத மேல இன்னாக்கா கோபம்? வூட்ல படிக்க எடம் இல்ல. இங்கயும் இல்லன்னா நாங்க எங்க போறது?" என்றான். அவன் சொன்னது பொய் இல்லை. அதனால்தான் எரிச்சல் இன்னும் கூடியது. இருக்கிற ஒரே அறைக்கு இரண்டு கூட்டத்தையும் சண்டைக்கு விட்டுவிட்டு, இன்னொரு அறை கட்டித் தர வேண்டியவர்கள் சுவர் எழுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

போன திங்கட்கிழமை கல்வராயன் மலையிலிருந்து பச்சையம்மாள் என்று ஒரு அம்மா வந்தார். போன ஆடியில் மொச்சை வாங்கிப் போனவர். இரண்டு பஸ் மாறி, மடியில் துணிப்பை கட்டிக்கொண்டு வந்து, அலமாரி இருந்த இடத்தில் பிள்ளைகளின் நாற்காலியைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். "வாங்கினத குடுக்க வந்தன் பாப்பா. இத எங்க வெக்கறது?" என்று கேட்டார்.

பையை நான் வாங்கிக்கொண்டு அவரை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். பாட்டில்களால் வீடெல்லாம் பூச்சி வருகிறது என்று ஒரு மாதமாக என்னோடு முகம் கொடுத்துப் பேசாத மாமி, அவரை உட்கார வைத்துச் சோறு போட்டார். அவர் போனதும் மாமியே அந்த மொச்சையை வெயிலில் பரப்பினார். பிறகு உங்கள் அறையைக் காட்டி, அலமாரியில் இருக்கும் துணிகளைப் பெட்டிக்கு மாற்று, பாட்டில்களை அதில் வை என்றார். மாற்றிவிட்டேன், கோபப்படாதீர்கள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் விதை கொடுத்து வாங்க நம் வீட்டு வாசலைத் திறந்து வைத்து உட்காருகிறேன். முதல் வாரம் வந்தது இரண்டே பேர். அதில் ஒருத்தர் முகவரி விசாரிக்க வந்தவர். சேர்ந்து நட்டவர்கள் தெருவில் என்னைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள். வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. ஆனாலும் காலையில் நூலகச் சாவியை எடுத்துக்கொண்டு நான்தான் முதல் ஆளாகப் போய் நிற்கிறேன்.

நீங்கள் அனுப்பிய விசா தாள்கள் வந்துவிட்டன. அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன். இனி அங்கே உனக்கு என்ன இருக்கிறது, கிளம்பி வா என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்பது நியாயம்தான். ஐந்து வருஷமாகத் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவர் வேறு எப்படிக் கேட்பார்?

ஆனாலும் ஒன்று கேட்கிறேன். ஆடிப் பட்டத்துக்கு முன்னால் எனக்கு டிக்கெட் போடுவதாகச் சொன்னீர்கள் அல்லவா? அதை இந்த ஒரு தடவை உங்கள் பெயரில் போட்டுப் பாருங்களேன். அல்லாஹ் உங்களுக்கு நல்ல உடம்பையும், எனக்குக் கொஞ்சம் பொறுமையையும் தரட்டும்.

வஸ்ஸலாம்.

உங்கள்
பாயிஸா