சட்டைப் பையில் போன றோட்டர்

மச்சான்,

இரண்டு முறை சவர்க்காரம் போட்டுக் கழுவியும் கை பெற்றோல் மணக்கிறது. ஒரு வருடமாகத் தொட்டிக்குள் கிடந்து பழுதாகிப்போன பெற்றோல். நல்ல பெற்றோலின் மணம்கூட இல்லை, பழைய வார்னிஷ் மாதிரி ஒரு நாற்றம். இந்தக் கையோடுதான் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்று உன் வீட்டுக்குப் போனேன். காரைத் திறந்தோம்.

காலையில் உன் மகள் றிஸ்னா எனக்குப் போன் எடுத்தாள். "மாமா, எனக்கு இண்டைக்கு லீவு. வாப்பாட காரை ஸ்டார்ட் பண்ணிப் பாக்கப் போறன். வாறீங்களா?" என்றாள். ஓம் பிள்ளை என்று சொல்லிவிட்டு அலுமாரி லாச்சியைத் திறந்தேன். கைக்குட்டையில் சுற்றியபடி நம்முடைய மொறிஸ் மைனரின் றோட்டர் அங்கேதான் கிடந்தது. எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். இன்றைக்கு உண்மையைச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் ஆரும் பார்க்காத நேரத்தில் அதைப் பழைய இடத்தில் கொழுவிவிட்டு வாயை மூடிக்கொண்டு வரவேண்டும். உன் வீட்டுப் படலை வரைக்கும் எதைச் செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

உன் மனைவிக்கு நீ ஒருமுறை விளங்கப்படுத்தியது நினைவிருக்கிறதா? "பெருவிரலளவு கறுப்புத் துண்டு. அது சுத்திச் சுத்தித்தான் நாலு பிளக்குக்கும் கறண்டைப் பிரிச்சுக் குடுக்கும். அதைக் கழட்டினா எஞ்சின் சுத்தும், ஆனா பத்திக்கொள்ளாது." அவள் பாவம், கறி அடுப்பில் கருகுகிறது என்று எழும்பிப் போய்விட்டாள்.

நாட்டில் சண்டை நடந்த காலத்தில் நாம் இருவரும் அதைக் கழற்றாமல் காரை விட்டு இறங்கியதே இல்லை. தம்பலகாமத்துத் தேத்தண்ணிக் கடை வாசலில் நால்வர் துவக்கோடு வந்து கார்த் திறப்பைக் கேட்டார்களே, அந்தப் பகலை மறப்பேனா? ஆருடைய ஆட்கள் என்று இன்றுவரை தெரியாது. அதைக் கேட்கிற காலமா அது? நீ மரியாதையாகத் திறப்பை நீட்டினாய். அவர்கள் பற்றறி களைத்துப்போகும்வரை சுற்றினார்கள், கார் பற்றவில்லை. "என்ன கோளாறு?" என்று ஒருவன் உன்னைக் கேட்டான். நீ வாய் திறக்கவில்லை. எப்படித் திறப்பாய்? வெற்றிலை அதக்கின மாதிரிக் கொடுப்புக்குள் றோட்டரை வைத்துக்கொண்டல்லவா நின்றாய்! என் பக்கம் கையைக் காட்டிவிட்டாய். துவக்கு என் நெஞ்சுக்குத் திரும்பியது. "பெற்றோல் ஏறுதில்லை ஐயா" என்றேன். அவன் கார்க் கதவுக்கு ஓர் உதை விட்டான். பிறகு போய்விட்டார்கள்.

றோட்டரை உள்ளங்கையில் துப்பிவிட்டு நீ என்ன சொன்னாய் தெரியுமா? "பெற்றோலா? எந்த நாளும் கறண்ட் எண்டுதானே என்னோட சண்டை பிடிப்பாய்?" அந்த நேரத்திலும் உனக்குப் பகிடி.

நம் வழக்கே அதுதானே. கார் இருமினால் நீ பெற்றோல் என்பாய், நான் கறண்ட் என்பேன். நீ கார்பரேற்றரைக் கழற்றுவாய், நான் பிளக்கைக் கழற்றுவேன். இருவரும் சேர்ந்து வாங்கிய காருக்கு இரண்டு வைத்தியர்கள். அது பிழைத்துக் கிடந்ததே பெரிய காரியம்.

சண்டை முடிந்த பிறகும் என் கை கேட்கவில்லை. காரை நிப்பாட்டினால் மூடியைத் திறந்து றோட்டரைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிடும். நீ ஏசிப் பார்த்தாய். பிறகு குசினி யன்னலில் ஒரு வெற்றுப் பால்மா டின்னை வைத்தாய். "கழட்டு, வேண்டாமெண்டு சொல்லேல்ல. ஆனா வீட்டை விட்டுக் கொண்டு போகாதை. இதுக்குள்ள போட்டிட்டுப் போ." இத்தனை வருடமும் அப்படியே போட்டுவிட்டுத்தான் போனேன். ஒரேயொரு நாள் தவிர.

அந்தப் பின்னேரம் ஓர்ஸ்ஹில் ஏற்றத்தில் கார் இழுக்க மாட்டேன் என்று நின்றதும், தள்ளிக்கொண்டு வந்து உன் முற்றத்தில் விட்டதும், நாம் கத்திக்கொண்டதும் எல்லாம் உனக்குத் தெரியும். நான் றோட்டரைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்து, "பார், நுனி கரிஞ்சு கிடக்கு, இதுதான் காருக்கு வருத்தம்" என்றேன். நீ திரும்பியும் பார்க்காமல் கார்பரேற்றரைத் துடைத்துக்கொண்டிருந்தாய். "உனக்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை" என்றாய். எனக்குக் கோபம் வந்துவிட்டது. சொல்லாமல் கொள்ளாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். பையில் அது இருந்தது எனக்குத் தெரியவே தெரியாது மச்சான். அல்லாஹ்வாணை என்று நீ சொல்வாயே, அதே மாதிரிச் சொல்கிறேன், தெரியாது.

அடுத்த நாள் காலை அதே சட்டையோடு கப்பல்துறையில் இருக்கிற என் தங்கச்சி வீட்டுக்குப் போனேன். பத்து மணிபோல உனக்கு நெஞ்சு பிடித்தது. றிஸ்னா உன்னை முன் இருக்கையில் ஏற்றிவிட்டுத் திறப்பைத் திருப்பியிருக்கிறாள். எஞ்சின் சுற்றியிருக்கிறது, பற்றவில்லை. திரும்பத் திரும்பச் சுற்றியிருக்கிறாள். மூன்று தரம் எனக்குப் போன் எடுத்திருக்கிறாள். என் போன் பயணப் பைக்குள் கிடந்து அடித்து ஓய்ந்திருக்கிறது. ஓட்டோ ஒன்று பிடிப்பதற்குள் கால் மணித்தியாலம் போய்விட்டது. ஆஸ்பத்திரி வாசலில் நீ போய்விட்டாய்.

அந்தக் கால் மணித்தியாலம் கிடைத்திருந்தால் நீ பிழைத்திருப்பாயா? நான் ஒரு டொக்டரிடமும் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

செய்தி கேட்டு பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் கைக்குட்டை எடுக்கப் பைக்குள் கைவிட்டேன். விரலில் அது தட்டியது. உன்னைச் சந்தூக்கில் வைத்துத் தூக்கியபோது நானும் தோள் கொடுத்தேன். அப்போதும் பைக்குள்தான் இருந்தது. ஒருவரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பெருநாளுக்கு வந்தேன், பழம் வாங்கிக்கொண்டு வந்தேன், கார் நிற்கிற பக்கம் மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை.

இன்று றிஸ்னா காரை மூடியிருந்த படங்கை இழுத்து விலக்கினாள். உன்னைப் போலவே கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றாள். பக்கத்து வீட்டுப் பற்றறியைக் கொழுவினோம். திறப்பைத் திருப்பினாள். பெற்றோல் பம்ப் டிக் டிக்கென்று அடித்தது. எஞ்சின் சுற்றியது, பற்றவில்லை.

"கறண்டைப் பாப்பமா மாமா?" என்றாள்.

மச்சான், வாழ்நாளில் முதல்முறையாக நான் உன் கட்சிக்கு மாறினேன். "முதல்ல பெற்றோலைப் பார் பிள்ளை" என்றேன். பழைய பெற்றோலை இறக்க வைத்தேன். புதிதாய் ஊற்ற வைத்தேன். கார்பரேற்றரைக் கழற்றித் துடைக்க வைத்தேன். அவள் எங்கேயாவது உள்ளே போனால் மூடியைத் திறந்து றோட்டரைப் போட்டுவிடலாம் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் போகவில்லை. உன் பிள்ளையல்லவா, தொட்ட வேலையை விட்டு அசையமாட்டாள். பிளக் ஒன்றைக் கழற்றி எஞ்சினில் முட்டவைத்துப் பிடித்தாள். பொறி இல்லை. வயரைப் பிடித்துக்கொண்டே வந்தாள். கறண்டைக் கூட்டிக் குடுக்கிற கொயிலைப் பார்த்தாள், சரி. என் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. மூடியின் இரண்டு கிளிப்பையும் தட்டிவிட்டாள்.

"றோட்டர் இல்லை மாமா."

நான் வாயைத் திறக்குமுன் அவளே தொடர்ந்தாள். "அப்ப வாப்பா சொன்னது உண்மைதான். நான் மயக்கத்தில ஏதோ சொல்றார் எண்டு நினைச்சன்."

"என்ன சொன்னவர்?"

"ஓட்டோவுக்குள்ள வச்சுச் சொன்னவர். 'றோட்டரை நான்தான் கழட்டினனான், எங்க வச்சனெண்டு நினைவில்லை. ஆரையும் ஏசாதீங்க' எண்டு. அதுக்குப் பிறகு அவருக்குக் கதைக்க ஏலாமப் போயிட்டுது."

உனக்குத் தெரிந்திருக்கிறது. திறப்புத் திருப்பின சத்தத்திலேயே நோய் என்னவென்று தெரிந்திருக்கிறது, அதை எவன் கொண்டுபோனான் என்றும் தெரிந்திருக்கிறது. காது இருக்கிறவன் நீயல்லவா!

குசினி வாசலில் உன் மனைவி தேத்தண்ணியோடு நின்றாள். "அந்த மனிசன்ர மறதிதான் அந்த மனிசனைக் கொண்டு போனது அண்ணன்" என்றாள். "டின் ஒண்டை வச்சு, அதுக்குள்ள போடு போடு எண்டு ஊருக்கெல்லாம் சட்டம் சொன்னவர். கடைசியில தானே எங்கயோ வச்சிட்டு மறந்திட்டார். ஒரு வருசமா எனக்கு அந்த ஆத்திரம் போகேல்ல."

அந்த நேரத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். நீ எனக்காக எல்லாவற்றையும் ஒழுங்குபண்ணி வைத்துவிட்டுத்தானே போயிருந்தாய். தேத்தண்ணியை வாங்கிக் குடித்துவிட்டு, புது றோட்டர் ஒன்று தேடுவோம் பிள்ளை என்று சொல்லியிருக்கலாம். என்னால் ஏலவில்லை மச்சான். அவள் உன்னை ஏசியதை என்னால் கேட்டுக்கொண்டு நிற்க ஏலவில்லை. பைக்குள் கைவிட்டு எடுத்து நீட்டினேன்.

"அவர் மறக்கேல்லத் தங்கச்சி. நான்தான் கொண்டு போனனான்."

றிஸ்னா என் கையைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள். "ஏன் மாமா இவ்வளவு நாளும் சொல்லேல்ல?"

"பயம் பிள்ளை."

அவள் அதை வாங்கிப் பொருத்தினாள். மூடியைப் போட்டாள். திறப்பைத் திருப்பினாள். கார் இரண்டு தரம் இருமிவிட்டுப் பற்றிக்கொண்டது. முற்றமெல்லாம் புகை. ஒருவரும் சந்தோசப்படவில்லை. உன் மனைவி கையைக் காட்டி, "நிப்பாட்டு" என்றாள்.

எஞ்சின் அடங்கியபின் அவள் கதிரையில் இருந்தாள். என்னை ஏசுவாள் என்று காத்துக்கொண்டு நின்றேன். ஏசினால் நல்லது என்றுகூட நினைத்தேன். அவள் தேத்தண்ணிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு வருசமா அந்த மனிசனை ஏசிக்கொண்டிருந்திருக்கிறன்" என்றாள். அதன்பிறகு மெதுவாகச் சொன்னாள். "நானும் அந்த ஓட்டோவுக்குள்ள பக்கத்திலதான் அண்ணன் இருந்தன். கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தன். மூச்சு விட ஏலாத நேரத்திலயும் உங்களைக் காப்பாத்தத்தான் வாய் திறந்திருக்கிறார். எனக்கெண்டு ஒரு சொல் சொல்லேல்ல."

சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்துவிட்டேன். றிஸ்னா படலை வரைக்கும் வந்தாள். போயிட்டு வாங்க மாமா என்று மட்டும் சொன்னாள்.

நீ எனக்காக ஒரு பொய் சொன்னாய், அதை இன்று உடைத்துவிட்டேன். அதற்காக நீ கோபித்தாலும் பரவாயில்லை. ஆனால் உன்னிடம் கடைசியாக ஒரு சொல் பேசுகிற மூச்சு மிச்சம் இருந்தது மச்சான். அது உன் மனைவிக்குச் சேரவேண்டியது. அதை எனக்குத் தந்துவிட்டுப் போயிருக்கிறாய், அவளிடம் அதை எப்படிக் கொண்டுபோய்க் கொடுப்பதென்று எனக்குத் தெரியவில்லை.