உன் மூச்சுக்கு என் பெயர்

பூக் கட்ட நூல் தேடிப் பரணில் கையை விட்டேன். அட்டைக்குழல் ஒன்று தட்டுப்பட்டது. நீதான் அதில் நூலைச் சுற்றிச் சுற்றிக் குண்டாக்கி வைத்திருந்தாய். ஒரு முனையில் உன் பல் பட்ட தடம் இன்னும் இருக்கிறது.

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். என் பேச்சைக் கொஞ்சம் திருத்தித்தான் எழுதுகிறாள், இருக்கட்டும்.

பள்ளிக்கூடத்தில் மூச்சுச் சோதனை நடந்து அந்தக் குழல் வந்த அன்று மல்லிகை நல்ல வரத்து. கீரமங்கலம் பூக்கடைக்குப் போட்டுவிட்டுத் திரும்பியிருந்தோம். நடுவில் மல்லிகையைப் பற்றி ஒன்று. மொட்டாகப் பறித்தால்தான் கடையில் எடுப்பார்கள். கைக்குத் தப்பி விரிந்துபோனதைப் பார்த்து நீ, “வாயத் தொறந்துருச்சு, இனி எவன் எடுப்பான்” என்பாய். சரி, சோதனைக்கு வருகிறேன்.

பள்ளிக்கூடத்தில் வெளியூர் டாக்டர் படிப்புப் பிள்ளைகள் மெசினோடு உட்கார்ந்திருந்தார்கள். பீடி, சிகரெட் குடிக்கிறவர்களுக்கு ஒரு பெஞ்சு, குடிக்காதவர்களுக்கு எதிரே ஒரு பெஞ்சு. ரெண்டு பேர் மூச்சையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்களாம். நீ என்னைப் பார்த்துக் கேட்டாய்:

“ஏங்க, அடுப்பு ஊதுறவளுக்கு எந்தப் பெஞ்சு?”

எல்லோரும் சிரித்தார்கள். நீயே போய்க் குடிக்காதவர்கள் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாய்.

ஊதுவதற்கு மெசின் வாயில் ஆளுக்கொரு அட்டைக்குழலைச் செருகினார்கள். முதலில் நீதான் ஊதினாய். “ஊதுங்கம்மா, இன்னும், இன்னும், இன்னும்” என்று அந்தப் பெண்பிள்ளை மஞ்சுவிரட்டில் மாடு அவிழ்த்து விட்ட மாதிரி கத்தினாள். மூன்று தடவை ஊதியும் உனக்குப் பாதியிலேயே நின்றுவிட்டது. அடுத்து நான். ஒரே மூச்சு. அந்தப் பிள்ளையே புருவத்தை உயர்த்தினாள்.

மெசினிலிருந்து வந்த சீட்டில் நம்பர் மட்டும்தான் இருந்தது. பெயரைப் பேனாவால் எழுதினார்கள். உன் சீட்டைப் பார்த்த டாக்டர் தம்பி கேட்டது ஞாபகம் இருக்கிறதா?

“அம்மா, மறைக்காம சொல்லுங்க. நீங்க பீடி குடிப்பீங்களா?”

டிராக்டர் சுப்பையா விடுவானா? “மாமா, நாளையிலேருந்து அத்தைக்கும் ஒரு கட்டு சேத்து வாங்குங்க” என்றான். கூடம் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். “அதான் எங்கட்டுல அப்பப்பக் கொறையுதா” என்றேன். நீ முந்தானையால் வாயை மூடிக்கொண்டாய். இருமல் வந்ததா, அழுகை வந்ததா என்று நான் பார்க்கவில்லை.

டாக்டர் தம்பி ரெண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “சீட்டு மாறிருச்சுபோல. ஐயா, ஒரு நாளைக்கு எத்தன?”

“ரெண்டு கட்டு.”

“அப்ப இதுதான் ஒங்களுது.” பெயரை அடித்து மாற்றி எழுதினார்.

நீ மெதுவாகச் சொன்னாய். “இல்ல தம்பி, அது நான் ஊதுனது. நாந்தான் மொதல்ல…”

“சும்மா கெட” என்றேன். “படிச்சவுகளுக்குத் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சுருச்சோ?”



எனக்குத் தெரியும். யார் எத்தனையாவதாக ஊதினோம் என்பது தெரியாமல் போகுமா? அது உன் சீட்டு என்று ஆனால் ஊர் சிரித்துக்கொண்டே இருக்கும். உன்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொல்வார்கள். மறுநாள் பூவை யார் பறிப்பது? அவ்வளவுதான் என் கணக்கு.

மூச்சில் இழுக்கிற மருந்தை எனக்குக் கொடுத்தார்கள். எனக்கு எதற்கு என்று பையோடு ஆணியில் மாட்டினேன். நாம் ஊதிய ரெண்டு குழலையும் நீ முந்தியில் முடிந்து வந்தாய், நூல் சுற்ற ஆகும் என்று. கேஸ் சிலிண்டரை விருந்தாளிக்கு என்று மூலையில் வைத்துவிட்டுத் தைலமரச் சுள்ளியில்தானே காலமெல்லாம் பொங்கினாய்? அந்த அடுப்பில் கங்கு எடுத்துப் பீடி பற்றவைத்து, அடுப்படி வாசலிலேயே உட்கார்ந்து இழுப்பேன். நீ இருமினால், “ஒஞ்சீட்டுல மூச்சு நல்லாருக்குன்னுதானே வந்துருக்கு, நடிக்காத” என்பேன்.

ஒருநாள் அந்த மருந்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

“ஏங்க, இத நான் ஒருக்கா இழுத்துப் பாக்கட்டா?”

“எடுத்த எடத்துல வையி. அதுல எம்பேரு எழுதியிருக்கு.”

இந்த இடத்தில் மகள் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போனாள். கொல்லையில் குடம் உருட்டுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து, “மேல சொல்லுங்க” என்றாள்.

அடுத்த வருசம் உன்னால் ஒரு பாத்தி முடிக்க முடியவில்லை. நடுவில் குந்திக்கொள்வாய். நான் வரப்பில் நின்று ஏசுவேன். அந்த மார்கழியில் போய்விட்டாய். உன் பாடை கட்டும்போதே ஒருத்தர் என் காதுபடச் சொன்னார், “பீடி குடிக்கிறவன் கல்லாட்டம் இருக்கான், பாவம் அவ போயிட்டா.”

அன்றோடு பீடியை விட்டேன். அதனால் உனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

போன வாரம் மகள் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். பழைய சீட்டையும் எடுத்து வந்திருந்தாள். ஊதினேன். நர்ஸ் புதுச் சீட்டையும் பழைய சீட்டையும் பார்த்துவிட்டு, பெஞ்சில் இருந்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

“பாருங்க, பீடிய விட்டதும் இந்த ஐயாவுக்கு நுரையீரல் எப்பிடித் தேறியிருக்கு. இவரப் பாத்துக் கத்துக்கங்க.”

ஒரு பெரியவர் மடியிலிருந்த பீடிக்கட்டை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டார். போட்டுவிட்டு என்னைக் கும்பிட்டார்.

“தாயி, அந்தப் பழைய சீட்டு என்னுது இல்ல” என்றேன்.

“பின்ன யாருது?”

உன் பெயரைச் சொன்னேன். இத்தனை வருசத்தில் “இந்தா புள்ள” என்பதைத் தவிர உன்னை நான் ஒன்றும் கூப்பிட்டதில்லை. நாக்கு புரளாமல் ரெண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. அவள் என் பெயரை அடித்துவிட்டு உன் பெயரை எழுதினாள்.

“இவ்வளவு மோசமா இருக்கே, அவுகள ஏன் கூட்டியாரல? அடுத்த தடவ கூட்டிட்டு வாங்க, மருந்து தாரேன்.”

“சரி தாயி” என்றேன்.

 வீட்டுக்கு வந்ததும் மகள் நோட்டை எடுத்தாள். “எனக்குச் சொல்ல வேணாம்ப்பா. அம்மாட்டச் சொல்லுங்க, நான் எழுதுறேன்.”

இந்தக் குழல் கையில் கிடைத்த பிறகுதான் எனக்குச் சொல்ல வந்தது. சொல்லிவிட்டேன். நூலைப் பிரித்துவிட்டேன். குழல் இப்போது என் மடியில்தான் இருக்கிறது. தினமும் காலையில் பூக்காட்டில், நீ குந்துகிற இடத்தில் நின்று, உன் பல் தடத்தில் என் பல்லை வைத்து ஊதிப் பார்க்கிறேன். ஒரே மூச்சாக, நீளமாக வருகிறது.